சுல்தானின் விளக்கு



சென்ற வாரம் மத்ரஸாவில், பூனையை அடைத்து வைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்ற செய்தி அது. அவள் அதற்கு உணவும் அளிக்கவில்லை. பூமியில் உள்ளதைத் தானே தேடி உண்ணும்படி அவிழ்த்து விடவுமில்லை. அதற்காகவே வேதனைக்கு ஆளானாள். இருபது வருடங்களாக நான் நடத்திவரும் பாடம். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், அந்தப் பொம்பள சோறு போட்டிருந்து, ஆனா தப்பான சோறா போட்டிருந்தா?" என்று கேட்டான்.

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுல்தானின் வளைந்த முன்னங்கால்தான் நினைவுக்கு வந்தது. அந்தச் சிறுவனிடம் அன்று சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன்.

ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் நான் ஆறு வருடங்கள் இஸ்லாமியப் பாட ஆசிரியராகப் பணியாற்றினேன். எங்கள் எதிர் ஃபிளாட்டில் காயல்பட்டினத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரரைக் காக்கா என்றே அழைப்பேன். ஓர் அக்டோபர் மாதத்தில் அவர்கள் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினார்கள். வளைகுடாவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அப்படிப் போகிற வீட்டிலிருந்து எதிர் வீட்டுக்கு என்னென்ன வந்து சேரும் என்று. எங்களுக்கு ஒரு பிரஷர் குக்கர், கருவேப்பிலைத் தொட்டி, இஸ்திரிப் பலகை, அவற்றோடு சுல்தானும் வந்து சேர்ந்தான்.

சுல்தான் ஓர் ஓணான். ஆங்கிலத்தில் பியர்டட் டிராகன் என்பார்கள். தமிழில் தாடி ஓணான் என்றால் பொருத்தமாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளைச் சேர்ந்த இனம். அந்நாடு தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக வெளியே அனுப்புவதை நெடுங்காலமாகத் தடை செய்திருப்பதால், இன்று உலகக் கடைகளில் விற்கப்படுபவை கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவை. சினந்தால் தொண்டைக்குக் கீழே உள்ள முட்தோல் விரிந்து கறுத்துத் தாடிபோல் தொங்கும். "வாப்பாவுக்கும் தாடி, அதுக்கும் தாடி" என்று என் மகன் முதல் நாளே சொல்லிவிட்டான். கண்டித்தேன், ஆனால் அன்றிரவு நானும் மனைவியிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

இதைப் படிக்கும் சிலருக்கு உடனே ஒரு கேள்வி எழும்: ஓணானை அடிப்பதல்லவா நன்மை? எங்கள் ஊரில் சிறுவயதில் நானும் கல்லெடுத்து எறிந்தவன்தான். இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு மூட்டப்பட்ட நெருப்பை அது ஊதியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஹதீஸில் வரும் சொல் 'வஸக்'. அது பல்லி இனத்தைக் குறிப்பது. வேலியில் அமர்ந்து வெயில் காயும் ஓணானைச் சிறுவர்கள் கல்லால் அடித்து விளையாடுவதற்கு அதில் ஆதாரம் எதுவும் இல்லை. பிராணிகளைக் கூண்டில் வளர்க்கலாமா என்ற கேள்விக்கு, அபூ உமைர் என்ற சிறுவரின் சிறு பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் பரிவோடு விசாரித்த ஹதீஸை அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். உணவும் நீரும் பராமரிப்பும் குறையாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் காட்டுவார்கள். அந்த நிபந்தனையை நான் எளிதாகக் கடந்து போயிருக்கிறேன்.

காக்காவின் மகனுக்கு அப்போது பத்து வயது. கண்ணாடித் தொட்டியை எங்கள் கூடத்தில் வைத்துவிட்டு, நோட்டுப்புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளை என்னிடம் நீட்டினான். "எல்லாம் எழுதியிருக்கேன் ஹஜ்ரத். கண்டிப்பா படிங்க" என்றான். அழுதுகொண்டிருந்தான். நான் தாளை வாங்கி, அவன் தலையைத் தடவி, மேசை இழுப்பறையில் வைத்தேன். அவனுடைய வாப்பா எழுதித் தந்திருந்தால் படித்திருப்பேனோ என்னவோ!

தொட்டிக்கு மேலே இரண்டு விளக்குகள் இருந்தன. ஒன்று மஞ்சள் வெளிச்சமும் கடும் வெப்பமும் தரும் குண்டு பல்பு. மற்றொன்று நீளமான வெள்ளை டியூப். பாலைவன ஓணானுக்கு வெப்பம் வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. குண்டு பல்பை நான் அணைக்கவில்லை. ஆனால் அந்த டியூப்? வெறும் வெளிச்சம்தானே என்று எண்ணினேன். ஷார்ஜாவில் இல்லாத வெளிச்சமா? பகலில் விளக்கெரிப்பது இஸ்ராஃப், வீண்விரயம், என்று பிள்ளைகளுக்கே பாடம் சொல்பவன் நான். தொட்டியைக் கிழக்குப் பக்கத்துப் பெரிய கண்ணாடி ஜன்னலின் அடியில் நகர்த்தினேன். காலை முழுதும் வெயில் கொட்டும் இடம் அது. டியூபின் இணைப்பைக் கழற்றி வைத்தேன். நல்லதொரு காரியம் செய்த நிறைவுகூட எனக்கு இருந்தது. பாலைவனத்துப் பிராணிக்குப் பாலைவனத்து வெயிலையே தந்துவிட்டோம் அல்லவா!

அந்த வெயிலைப் பாலைவனத்தில் ஓர் உயிர் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை அதன் பிறகுதான் ஒருமுறை நேரில் பார்த்தேன். மார்ச் மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஷார்ஜாவின் உட்பகுதி மணல்வெளிக்கு அழைத்துச் சென்றிருந்தோம். வளையின் வாயிலில் ஒரு 'தப்' படுத்திருந்தது. காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்டதும், நபி (ஸல்) அவர்கள் தம் சமூகத்தாரின் பகுதியில் இல்லாதது என்று கூறி உண்ணாமல் விட்டதுமான அதே பிராணி. நம் தமிழ் மொழிபெயர்ப்புகளில் இதை உடும்பு என்று எழுதுகிறோம். உடும்பு ஊன் தின்னும், நீண்ட நாக்கு உடையது. தப்போ இலை தழை மேயும், வாலெல்லாம் முள் வளையங்கள் கொண்டது. இரண்டும் வேறு. அன்று பார்த்தபோது அதன் உடல் கரிய நிறமாக இருந்தது. விலாவை அகல விரித்துச் சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. சூடேற ஏற நிறம் வெளுத்தது. எங்களுக்கும் அதற்கும் இடையே வெறும் காற்றைத் தவிர எதுவும் இல்லை.

அதே மாதத்தில்தான் என் மகன் வந்து, "வாப்பா, சுல்தான் கை நடுங்குது" என்றான்.

குளிராக இருக்கும் என்றேன். ஏ.சி.யைக் குறைத்தேன். மறுநாள் வெட்டுக்கிளியைப் பிடிக்கப் பாய்ந்தவன் குறி தவறி மணலில் முகம் பதிய விழுந்தான். முன்னங்காலை ஊன்றி உடலைத் தூக்க முடியவில்லை. வயிற்றால் இழுத்துக்கொண்டு நகர்ந்தான். மகன் பிடிவாதம் பிடித்ததால், பறவைகளையும் ஊர்வனவற்றையும் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் சுல்தானின் கீழ்த்தாடையை இரு விரல்களால் மெல்ல அழுத்தினார். எலும்பு ரப்பர்போல் வளைந்தது. எக்ஸ்ரேயில் கால் எலும்புகள் நிழல்போல் மங்கலாக இருந்தன. ஒரு முன்னங்கால் முறிந்து, கோணலாகவே சேர்ந்திருந்தது. எப்போது முறிந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அது சத்தமிடும் பிராணி அல்ல.

"யூ.வி. விளக்கு போடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். ஜன்னல் வெயிலைப் பற்றி நான் பெருமையோடு சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அன்போடுதான், விளக்கிச் சொன்னார்.

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அவற்றில் யூ.வி.பி. எனப்படும் பகுதி, சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டது, தோலில் படும்போது அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3-இன் முன்வடிவமாக மாறுகிறது. உடலின் வெப்பத்தால் அது மெல்ல டி3 ஆகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை மேலும் பக்குவப்படுத்துகின்றன. அதன் பிறகே குடல் உணவிலுள்ள கால்சியத்தைச் சரிவர ஈர்த்துக்கொள்ளும். இந்தச் சங்கிலி அறுந்தால், இரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். வளரும் குட்டிக்கு இது இன்னும் விரைவாக நேரும். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், வெப்பத்தை விடும், யூ.வி.பி.யை ஏறத்தாழ முழுவதுமாகத் தடுத்துவிடும். ஐந்து மாதங்களாகச் சுல்தான் வெயிலில் குளித்துக்கொண்டே வெயிலின்றிக் கிடந்திருக்கிறான்.

நான் வீண் என்று கழற்றி வைத்த வெள்ளை டியூப்தான் அந்தக் கதிரைத் தரும் விளக்கு.

இரவு வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். முதல் வரியிலேயே, பென்சிலால் இரண்டு கோடு இட்டு எழுதியிருந்தான்: வெள்ளை லைட்டைச் சுப்ஹு தொழுததும் போட வேண்டும், மஃரிபுக்கு அணைக்க வேண்டும், ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும், எரிந்தாலும் மாற்ற வேண்டும். அந்தக் கடைசிச் சொற்களின் பொருளையும் மருத்துவர் சொல்லியிருந்தார். இத்தகைய டியூப்கள் கண்ணுக்குப் பழையபடியே பளிச்சென்று எரியும், உள்ளே யூ.வி.பி. மட்டும் தேய்ந்துகொண்டே போகும். ஒரு பத்து வயதுச் சிறுவன் எரிகிற விளக்கையும் மாற்றச் சொல்கிறான் என்றால், அவனிடம் யாரோ விளக்கியிருக்கிறார்கள். அவன் கவனமாகக் கேட்டும் இருக்கிறான்.

இந்த விளக்குகளின் வரலாற்றைப் பிறகு தேடிப் படித்தேன். 1918-19 குளிர்காலத்தில், முதல் உலகப் போர் முடிந்த தறுவாயில், பெர்லினில் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், ரிக்கெட்ஸ் எனும் எலும்பு மென்மை நோயால் கால் வளைந்த நான்கு பிள்ளைகளைப் பாதரச ஆவி விளக்கின் கீழ் வைத்து ஒளி பாய்ச்சினார். அவர்களுடைய எலும்புகள் தேறின. மனிதப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அந்த முறையின் வழித்தோன்றலே எங்கள் கூடத்தில் ஓணான் தொட்டியின் மேல் இருந்த டியூப்.

மருத்துவரிடம் கேட்டதையெல்லாம் உணவு நேரத்தில் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏ.சி. அறை, கண்ணாடி, வெயில் படாத தோல், எலும்பு. அவள் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே, "எனக்கும் ஒரு வருஷமா காலும் இடுப்பும் குடையுதுங்க" என்றாள்.

ஒரு வருடமாக. என்னிடம் சொல்லியிருக்கிறாள், ஒருமுறை அல்ல, பலமுறை. தைலம் வாங்கித் தந்திருக்கிறேன், துஆ ஓதியிருக்கிறேன். இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகவில்லை. மறுவாரம் போனோம். வைட்டமின் டி அளவு 11 என்று வந்தது. 20-க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்றார் டாக்டர். வளைகுடா நாடுகளில் இது மிகச் சாதாரணம் என்றும் சொன்னார். ஆண்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு. சிலர் இதற்குப் பர்தாவைக் காரணம் காட்டிப் பேசுவார்கள். அவளுடைய நாளில் வீதிக்குச் செல்லும் நேரம் எவ்வளவு? அந்த வெப்பத்தில் எல்லோருமே வீடு, கார், கடை என்று கண்ணாடிக்குள்ளேயே வாழ்கிறோம். வாரம் ஒரு மாத்திரை வீதம் எட்டு வாரங்களுக்கு எழுதித் தந்தார்.

திரும்பும் வழியில் அவள் குறையாக எதுவும் சொல்லவில்லை. "ஓணானுக்குக் கூட எக்ஸ்ரே எடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

குற்ற உணர்வு கொண்டவன் அடுத்த தவற்றை விரைவாகச் செய்வான். மருத்துவர் எழுதித் தந்த கால்சியம் மருந்து போதாதென்று, கடையில் டி3 கலந்த கால்சியம் பொடி ஒன்றும் பல வைட்டமின்கள் சேர்ந்த பொடி ஒன்றும் வாங்கினேன். ஒவ்வொரு வேளையும் வெட்டுக்கிளிகளை இரண்டிலும் மாவில் புரட்டுவதுபோல் புரட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மருத்துவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. வெயிலால் தோலில் உண்டாகும் டி3 எல்லை மீறாது; அளவு கூடினால் அதே ஒளி அதன் முன்வடிவத்தைப் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடும். வாய்வழியே போகும் டி3-க்கு அத்தகைய தடுப்பு இல்லை. மிகுந்தால் கால்சியம் எலும்பில் சேராமல் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் படியும். வைட்டமின் ஏ-யும் மிகுந்தால் நஞ்சு. தோல் உரிந்து புண்ணாகும். எல்லாவற்றையும் ஓர் அளவோடு படைத்தவனின் ஏற்பாட்டைத் தோலில் கண்டு வியந்தேன். என் கைப்பிடியில் அந்த அளவு இல்லை.

எங்கள் சுல்தானுக்கு அவர் வகுத்துத் தந்த முறை இது. வாரத்தில் ஐந்து நாள் டி3 கலக்காத, பாஸ்பரஸ் இல்லாத வெறும் கால்சியம் பொடி, ஒரு சிட்டிகை. வாரம் ஒருநாள் மட்டும் பல வைட்டமின் பொடி. கடையில் விற்கும் வெட்டுக்கிளியிலும் சில்வண்டிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பலமடங்கு மிகுதி என்பதால்தான் பொடியே தேவைப்படுகிறது. உணவில் கால்சியம் பாஸ்பரஸைப்போல் இரு மடங்கு இருப்பது நல்லதாம். பூச்சிகளுக்கும் முதல் நாளே நல்ல கீரை போட்டு வயிறு நிரப்ப வேண்டும். நான் அன்போடு நறுக்கிப் போட்டுவந்த பாலக் கீரையை நிறுத்தச் சொன்னார். அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, ஷார்ஜாவில் எந்த பக்காலாவிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் ஜர்ஜீர் கீரை. சுல்தானுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் அதைத் தின்றவன் அவன் ஒருவன்தான்.

புதிய டியூப் வாங்கினோம். டி5 வகை, பின்புறம் பளபளக்கும் தகடு வைத்தது. வெயில் காயும் கல்லுக்கு மேலே முப்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில், இடையே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் பொருத்தினோம். நெருக்கமான கம்பி வலைகூடக் கதிரில் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்றார். கேரி ஃபெர்குசன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல்லி இனங்களும் பாம்புகளும் காட்டில் எவ்வளவு யூ.வி. வெளிச்சத்தில் தாமாக அமர்கின்றன என்று அளந்து, 2010-இல் நான்கு படிகளாக வகுத்தார்கள். தாடி ஓணானை மூன்றாம் படியில் வைக்கிறார்கள். வெயில் காயும் இடத்தில் யூ.வி. குறியீடு சுமார் 3 முதல் 7 வரை. மருத்துவரிடம் அதை அளக்கும் கையடக்கக் கருவி இருந்தது. எங்கள் தொட்டியின் கல்லில், நான் ஏற்றிய ஒரு மலிவு பல்பின் கீழ், முன்பு காட்டியிருக்கக்கூடிய அளவு சுழியம்தான். கல்லின் மேற்பரப்பு நாற்பது டிகிரி அளவில் சூடாகவும், தொட்டியின் மறுகோடி இருபத்தைந்து, இருபத்தாறு டிகிரியாகவும் இருக்க வேண்டும். அந்தச் சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. சுல்தானின் உச்சந்தலையில் முத்துப்போல் ஒரு சிறு செதில் உண்டு. அது ஒளியை உணரும் மூன்றாவது கண் என்று அறிந்தபின், அவன் ஜன்னலடியில் அவ்வளவு நாள் தலையுயர்த்திப் படுத்திருந்த காட்சி என்னை விட்டு அகலவில்லை.

காலை பத்து மணிக்குமேல் பால்கனியில் நேரடி வெயிலும் காட்டச் சொல்லியிருந்தார்; கண்ணாடித் தொட்டியோடு அல்ல, அப்படி வைத்தால் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். நிழலுக்கு ஒதுங்க இடமுள்ள ஒரு கூடையில். எங்களுடையது ஆறாம் மாடி. இடுப்பளவு சுவருக்குள் தரையில் அமர்ந்தால் வெளியே யார் கண்ணிலும் படாது. மனைவியும் அவனருகே கைகளை முழங்கைவரை விட்டு அமர்ந்து கீரை ஆய்வாள். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் யூ.வி.பி. போதிய அளவு இறங்கும் என்று எங்கோ படித்துச் சொன்னேன். "அஸ்ருக்குத்தான் நிழல் அளப்பீங்க, இப்ப இதுக்குமா" என்றாள்.

சுல்தான் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். இரண்டு மாதத்தில் நடுக்கம் நின்றது. தாடை இறுகியது. முறிந்து சேர்ந்த கால் மட்டும் வளைந்தபடியே நின்றுவிட்டது. எலும்பு உறுதியாகும், ஆனால் கோணல் நிமிராது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

ரமழான் முடிந்து பெருநாளன்று காயல்பட்டினத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. காக்கா வாழ்த்துச் சொல்லிவிட்டு மகனிடம் போனைத் தந்தார். "சுல்தானைக் காட்டுங்க ஹஜ்ரத்" என்றான். போனை வலப்பக்கமாகப் பிடித்தால் அந்தக் கால் தெரியாது. என் கை அப்படித்தான் பிடித்தது. சில நொடிகள்தான்; பிறகு திருப்பினேன். நீ தந்த தாளை நான் படிக்கவில்லை, வெள்ளை விளக்கைக் கழற்றி வைத்துவிட்டேன், அதனால் இப்படி ஆகிவிட்டது, என்னை மன்னித்துவிடு என்றேன். அவனுடைய வாப்பா பின்னாலிருந்து, "அட, விடுங்க ஹஜ்ரத், ஓணான்தானே" என்றார். சிறுவன் எதுவும் சொல்லவில்லை. திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இப்ப லைட்டு மாத்திட்டீங்களா?" என்று கேட்டான். மாற்றிவிட்டேன் என்றேன். "தேதி எழுதி வச்சுக்கோங்க" என்றான்.

டியூபின் ஓரத்தில் தேதி எழுதி ஒட்டினேன்.

அடுத்த ஆண்டு நாங்களும் ஊர் திரும்பினோம். சுல்தானை விமானத்தில் கொண்டுவர இயலவில்லை. கீழ்த்தளத்தில் இருந்த மலையாளிக் குடும்பத்தின் பிள்ளைகள் ஆசையோடு கேட்டார்கள். ஒப்படைக்கும் முன் அந்தப் பழைய தாளை ஒரு முழுத்தாளில் பெரிய எழுத்தில் நகலெடுத்தேன். கண்ணாடியைப் பற்றி ஒரு வரியும், பொடியின் அளவைப் பற்றி ஒரு வரியும் என் சார்பில் சேர்த்தேன். பிள்ளைகளின் தந்தை தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மலர்ந்த முகத்தோடு ஜன்னலைக் காட்டி, "உஸ்தாதே, இங்கே வச்சா நல்ல வெயில் கிடைக்குமே" என்றார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று, தாளை எடுத்து, அவரை அருகில் அமரச் சொன்னேன்.